‘அன்பு’ என்று வாசிக்கும் இடத்தில் எந்தக் கிரேக்கச் சொல் இருக்கிறது? வேதபாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேதபாட வகுப்பில் கிரேக்க மொழியைத் தொட்டுப் பேசத் துணிகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது அன்பு என்ற சொல்லைத்தான். தமிழில் அன்புக்கு ஒரே சொல், கிரேக்கத்திலோ நான்கு என்று ஆரம்பித்து, எரோஸ் என்றால் காமம், ஸ்டோர்கே என்றால் குடும்பப் பாசம், ஃபிலியா என்றால் நட்பு, அகாப்பே என்றால் தன்னலம் கருதாத தெய்வ அன்பு என்று பலகையில் நான்கு கட்டம் போட்டால் பாடம் முடிந்துவிடும். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் போதித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, யோவான் 21-இல் இயேசுவின் கேள்விக்குப் பேதுரு பதிலாகச் சொல்லும் ஃபிலேயோ (ஃபிலியாவின் வினைச்சொல்) ஒரு படி குறைந்த அன்பு என்று நான் விளக்கி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கையிலிருந்த வேதாகமத்தை மூடாமலே, “தம்பி, யோவான் ஐந்தாம் அதிகாரம் இருபதாம் வசனத்தில் பிதா குமாரனிடத்தில் அன்பாயிருக்கிறார் என்ற இடத்திலும் அதே சொல்தானே வருகிறது? அதுவும் குறைந்த அன்பு என்றா சொல்வீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன்; அவர் சொன்னது சரியாக இருந்தது.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கிரேக்கம் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ் வேதாகமம், ஒரு நோட்டுப் புத்தகம், இணைய வசதியுள்ள ஒரு கைபேசி, நான்கைந்து மாலை நேரங்கள் ஆகியவை போதும்.

முதலில் தமிழிலேயே கொஞ்சம் நின்று பாருங்கள்

தமிழில் ஒரே சொல்தான் உண்டு என்பது நம் மொழிக்கே செய்யும் அநியாயம். அன்பு, நேசம், சிநேகம், பாசம், பிரியம், பட்சம், நட்பு, காதல் என்று எத்தனையோ சொற்கள் நம்மிடம் புழங்குகின்றன. இவற்றில் ‘காதல்’ என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சில் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உணர்வைக் குறிக்கிறது. ஆனால் தேவாரத்தில் அடியவர் ‘காதலாகிக் கசிந்து’ கண்ணீர் விடுவது இறைவனை நினைத்து, பழைய நூல்களில் ‘காதல் மகன்’ என்று வருவது பெற்றோரின் பாசத்தைக் குறித்து. காதல் என்றால் இன்னதுதான் என்று ஒரு கட்டத்துக்குள் அடைத்து, அந்தக் கட்டத்தை எல்லா நூல்களிலும் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பது தமிழ் அறிந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். கிரேக்கச் சொற்களும் மனிதர்கள் பேசிய சொற்கள்தாம். அவையும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

இரண்டாவதாக, நம் கையிலுள்ள மொழிபெயர்ப்பு எது என்பதைக் கவனிக்க வேண்டும். சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிற பழைய திருப்புதல், ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்து 1871-ஆம் ஆண்டில் முழு வேதாகமமாக வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கச் சொற்களின் வேறுபாட்டைத் தெரியாதவர்கள் அல்லர். பல இடங்களில் அதைத் தமிழில் காட்டவும் முயன்றிருக்கிறார்கள், சில இடங்களில் தெரிந்தே விட்டுவிட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வேறு வழியில் போகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வசனத்தில் இரண்டும் வெவ்வேறு சொல்லைப் பயன்படுத்துகிற இடம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

சொல்லைக் கண்டுபிடிக்கும் முறை

ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவில் வேதாகமத்தின் ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தார். பைபிள் ஹப், ப்ளூ லெட்டர் பைபிள், ஸ்டெப் பைபிள் போன்ற இலவச இணையதளங்கள் இன்றும் அந்த எண்களை அடிப்படையாக வைத்தே இயங்குகின்றன. வசனத்தைத் திறந்து, வரிக்கு வரி கிரேக்கமும் பொருளும் காட்டும் பக்கத்துக்குப் போனால், ஒவ்வொரு கிரேக்கச் சொல்லின் அருகிலும் அதன் எண் இருக்கும். நமக்கு வேண்டியவை சில எண்கள் மட்டுமே: அகபாவோ என்ற வினைச்சொல் 25, அகாப்பே என்ற பெயர்ச்சொல் 26, ‘அன்பான, நேச’ என்று பொருள்படும் அகபேடோஸ் 27, ஃபிலேயோ என்ற வினை 5368, ஃபிலியா 5373, சிநேகிதன் என்ற ஃபிலோஸ் 5384. எண்ணின் மேல் தட்டினால் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் வரும் எல்லா வசனங்களும் வரிசையாக விழும்.

அந்த வரிசைக்கு மேலே இரண்டு மூன்று வரிகளில் ‘பொருள்’ என்று ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதை முதலில் வாசிக்காதீர்கள். நேராகக் கீழே உள்ள வசனங்களுக்குப் போங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த இரண்டு வரிகளை மட்டும் வாசித்துவிட்டுப் பிரசங்க மேடைக்கு ஏறியதால்தான் நான் அந்த ஞாயிறன்று விழித்துக்கொண்டு நின்றேன்.

நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பத்திகள் வரையுங்கள். வசனம், அன்புகூருகிறவர் யார், யாரை அல்லது எதை, கிரேக்கச் சொல், நம் தமிழ் வேதாகமத்தில் உள்ள சொல். இவற்றில் மூன்றாவது பத்தியான ‘எதை’ என்பதுதான் பின்னால் அதிகம் பேசும்.

எண்ணிக்கை சொல்லும் முதல் செய்தி

நிரப்பத் தொடங்கியவுடனே அந்த நான்கு கட்டங்களும் ஆட்டம் காணும். இன்றைய கிரேக்கப் பதிப்புகளில் அகாப்பே 116 முறையும் அகபாவோ 143 முறையும் வருகின்றன. பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு மாறலாம். ஃபிலேயோ 25 முறை வருகிறது, அதில் 13 யோவான் சுவிசேஷத்தில் மட்டும். ஃபிலியா என்ற பெயர்ச்சொல் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் நல்ல நட்பைக் குறித்து அல்ல; யாக்கோபு 4:4-இல் “உலக சிநேகம் தேவனுக்கு விரோதமான பகை” என்ற இடத்தில். எரோஸ் புதிய ஏற்பாட்டில் ஒரு முறைகூட இல்லை. ஸ்டோர்கேயும் தனிச்சொல்லாக இல்லை. நான்கு சொற்கள் என்று பலகையில் எழுதிய நான், அவற்றில் இரண்டு புதிய ஏற்பாட்டிலேயே இல்லை என்பதை வகுப்புக்குச் சொன்னதே கிடையாது.

ஸ்டோர்கேயின் சாயல் மட்டும் மூன்று இடங்களில் தெரிகிறது. ரோமர் 1:31-லும் 2 தீமோத்தேயு 3:3-லும் அதன் எதிர்மறையான ஆஸ்டோர்கோஸ் வருகிறது. பழைய திருப்புதல் இதைச் ‘சுபாவ அன்பில்லாதவர்கள்’ என்று மிக அழகாகக் கொடுத்திருக்கிறது. ரோமர் 12:10-இல் ஃபிலோஸ்டோர்கோஸ் என்ற கூட்டுச்சொல் வருகிறது. அங்கே “சகோதரசிநேகத்திலே ஒருவர்மேலொருவர் பட்சமாயிருங்கள்” என்று தமிழில் வாசிக்கிறோம். பட்சம் என்றால் இன்று ‘ஒருதலைப்பட்சம்’ என்பதுதான் நினைவுக்கு வருவதால் இளைஞர்கள் இந்த வசனத்தில் தடுமாறுகிறார்கள். ஆனால் பழைய கடிதங்களில் ‘பட்சமுள்ள தம்பிக்கு’ என்று எழுதிய தலைமுறைக்கு அதில் இருந்த வீட்டு வாசனை நன்றாகத் தெரியும். சபையார் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல இருக்க வேண்டும் என்று பவுல் சொல்ல வந்ததற்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்குத் தோன்றவில்லை.

மறைந்திருக்கும் அகாப்பேயைத் தேடுங்கள்

இப்போது வேலையின் சுவையான பகுதிக்கு வருகிறோம். 25-ஆம் எண்ணின் வரிசையில் கீழே இறங்கி, ‘எதை’ என்ற பத்தியை நிரப்பிக்கொண்டே வாருங்கள். யோவான் 3:16-இல் தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார், அகபாவோ. மூன்றே வசனம் தாண்டி 3:19-இல் மனுஷர் “ஒளியைப்பார்க்கிலும் இருளை” விரும்பினார்கள், அதுவும் அகபாவோ. யோவான் 12:43-இல் அதிகாரிகள் தேவனால் வரும் மகிமையைவிட மனுஷரால் வரும் மகிமையை விரும்பினார்கள், அகபாவோ. லூக்கா 11:43-இல் பரிசேயர் ஜெபஆலயங்களில் முதன்மையான ஆசனங்களை விரும்புகிறார்கள், அதே அகபாவோ. அதே ஆசனங்களுக்கு மத்தேயு 23:6-இல் ஃபிலேயோ வருகிறது, ஆசனமோ ஆசையோ மாறவில்லை. 2 பேதுரு 2:15-இல் பிலேயாம் அநீதத்தின் கூலியின் மேல் வைத்ததும் இதே சொல்தான்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 2 தீமோத்தேயு 4:10. “தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து, என்னைவிட்டுப் பிரிந்து” போனான் என்று பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். அந்த ‘ஆசைவைத்து’ என்ற இடத்தில் இருப்பது அகபாவோ. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே அன்புகூர்ந்து என்று போட்டிருந்தால் தமிழ்க் காது ஏற்றுக்கொண்டிருக்காது. அன்பு என்பது நமக்கு எப்போதும் நல்ல சொல், ஆகவே பொருள் தீயதாகும்போது ஆசை, விருப்பம் என்று சொல்லை மாற்றிவிடுகிறோம். அவர்கள் செய்தது சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் அதன் விளைவாக, அகாப்பே கெட்ட பொருளிலும் வரும் என்பது தமிழ் வாசகரின் கண்ணில் படாமலே போகிறது. இதற்காகத்தான் ஐந்தாவது பத்தி. ஒரே கிரேக்கச் சொல்லுக்கு எதிரே அன்புகூர்ந்தார், விரும்பினார்கள், ஆசைவைத்து, மத்தேயு 5:44-இல் வருவதுபோல் சிநேகியுங்கள் என்று நான்கு தமிழ்ச் சொற்கள் உங்கள் கையெழுத்தில் அடுக்கடுக்காக விழும்போது, அகாப்பே என்ற சொல்லே தெய்வீகமானது என்ற எண்ணம் தானாகக் கழன்றுபோகும்.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்கப் பழைய ஏற்பாடான செப்துவஜிந்த் இதை இன்னும் கூர்மையாகக் காட்டும். எபிரெயத்தின் பொதுச் சொல்லான ஆஹாவ் என்ற வினைக்கு அந்த மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் அகபாவோவையே வைத்தார்கள். ஆகவே இஸ்ரவேல் கர்த்தரில் முழு இருதயத்தோடு அன்புகூர வேண்டிய உபாகமம் 6:5-லும் அகபாவோ. 2 சாமுவேல் 13-இல் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுப்பதற்கு முன் அவள்மேல் கொண்டிருந்த மோகத்துக்கும் அகபாவோ. அந்த அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தில் அகாப்பே என்ற பெயர்ச்சொல்லே வருகிறது: “அவன் அவளை விரும்பின விருப்பத்தைப்பார்க்கிலும், அவளை வெறுத்த வெறுப்பு அதிகமாயிருந்தது.” மறுபக்கம் உன்னதப்பாட்டு 2:5-இல் மணவாட்டி “நேசத்தால் சோகமடைந்திருக்கிறேன்” என்று சொல்லும் இடத்திலும் கிரேக்கத்தில் அகாப்பேதான். எரோஸ் அங்கே வரவில்லை. எபேசியர் 5:25-இல் புருஷர்கள் தங்கள் மனைவிகளில் அன்புகூர வேண்டும் என்று பவுல் எழுதும்போதும் அவருக்குக் கைக்கு வந்த சொல் இதுவே. செப்துவஜிந்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் புதிய ஏற்பாட்டை எழுதினார்கள் என்பதை நினைத்தால், அவர்கள் பக்கங்களில் அகபாவோ ஏன் இவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதற்குப் பாதி விளக்கம் கிடைத்துவிடுகிறது.

மீதிப் பாதி ஃபிலேயோவிடம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு முத்தமிடுதல் என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் பொதுவாக அன்பைச் சொல்ல அகபாவோ வசதியாயிற்று என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். மத்தேயு 26:48-ஐத் திறந்து பாருங்கள். “நான் எவனை முத்தஞ்செய்வேனோ அவன்தான்” என்று யூதாஸ் அடையாளம் சொல்லும் இடத்தில் இருப்பது ஃபிலேயோ. 25 இடங்களில் மூன்று இப்படிப்பட்டவை. ஃபிலேயோ என்றால் எப்போதும் உண்மை நட்பு என்று போதிக்கிறவர் இந்த மூன்று இடங்களையும் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

யோவான் 21: நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம்

எல்லோரும் கேட்பது இந்த அதிகாரத்தைப் பற்றித்தான். ஆகவே இதை ஒரு முழு மாலை எடுத்துச் செய்யுங்கள். 15 முதல் 17 வரை உள்ள வசனங்களில் இயேசு முதல் இரண்டு முறை அகபாவோவை வைத்து “அகபாஸ் மே?” என்று கேட்கிறார், பேதுரு இரண்டு முறையும் ஃபிலேயோவை வைத்து “ஃபிலோ சே” என்கிறான், மூன்றாம் முறை இயேசுவே “ஃபிலேயிஸ் மே?” என்று கேட்க, பேதுரு துக்கப்பட்டு மறுபடி “ஃபிலோ சே” என்கிறான். பழைய திருப்புதல் இதை அப்படியே காட்டுகிறது: “என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா” என்று இரண்டு முறை, “நேசிக்கிறேன்” என்று பதில், மூன்றாம் முறை “என்னை நேசிக்கிறாயா”. திருவிவிலியமோ ‘அன்பு’ என்ற சொல்லை எங்கும் மாற்றாமல், “அன்பு செலுத்துகிறாயா”, “அன்பு உண்டு” என்று வினையை மட்டும் மாற்றி அந்த வேறுபாட்டை மெல்லத் தொட்டுச் செல்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீன் மொழிபெயர்ப்பைத் திருத்திய ஜெரோமும் இரு வினைச்சொற்களை வைத்துப் பிரித்தே எழுதினார்; சீரியாக் மொழியின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பான பெஷித்தாவில் மூன்று கேள்விக்கும் ஒரே வினைதான்.

வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் பொருள் உண்டா என்பதுதான் கேள்வி. பொருள் உண்டு என்று உறுதியாக நம்பிய 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர்கள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட்காட், உயர்ந்த அன்பை உரிமை கொண்டாடப் பேதுரு துணியவில்லை, ஆகவே தாழ்மையாக ஃபிலேயோ என்றான் என்று விளக்கினார். ட்ரெஞ்ச், அகபாவோ அந்த நேரத்தில் பேதுருவின் காதுக்குக் குளிர்ந்த சொல்லாகப் பட்டது, ஆகவே அதைவிட நெருக்கமான ஃபிலேயோவை அவன் எடுத்தான் என்றார். ஒருவருக்கு இறங்குமுகமாகத் தெரிந்த அதே சொல் மற்றவருக்கு ஏறுமுகமாகத் தெரிந்திருக்கிறது. இரு பெரும் கிரேக்க அறிஞர்கள் நேர் எதிரான முடிவுக்கு வரக்கூடிய இடத்தில், ஒரு பிரசங்கத்தின் முழுப் பாரத்தையும் ஏற்றி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தீர்ப்பதற்கு வழி, யோவானையே கேட்பது. உங்கள் நோட்டில் யோவானின் வரிசைகளை மட்டும் தனியே எடுங்கள். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார்: 3:35-இல் அகபாவோ, 5:20-இல் ஃபிலேயோ. இயேசுவுக்கு அன்பான சீஷன்: 13:23-இல் அகபாவோ, 20:2-இல் ஃபிலேயோ. லாசரு: 11:3-இல் சகோதரிகள் சொல்லியனுப்பும்போது ஃபிலேயோ, 11:5-இல் அகபாவோ, 11:36-இல் கல்லறையருகே இயேசு கண்ணீர்விட்டதைக் கண்ட யூதர் சொல்வது மீண்டும் ஃபிலேயோ. பிதா சீஷர்களிடத்தில் வைக்கும் அன்பு: 14:23-இல் அகபாவோ, 16:27-இல் ஃபிலேயோ. ஒரே உறவு, ஒரே எழுத்தாளர், இரண்டு சொற்கள். தலைமையாசிரியர் தொட்டது இந்த வரிசையின் ஒரு நுனியை மட்டுமே.

அடுத்து அந்த மூன்று வசனங்களுக்குள் வேறு என்னென்ன சொற்கள் மாறுகின்றன என்று பாருங்கள். ஆட்டுக்குட்டிகள் ஆடுகளாகின்றன. மேய்ப்பதற்கு பொஸ்கோ, பொய்மாய்னோ என்று இரண்டு வினைகள் வருகின்றன. தமிழில் இரண்டும் ‘மேய்ப்பாயாக’ ஆகிவிட்டன. 17-ஆம் வசனத்தின் ‘அறிந்திருக்கிறீர்’, ‘அறிவீர்’ என்பவற்றுக்கும் இரு வேறு கிரேக்க வினைகள். அதே அதிகாரத்தின் முற்பகுதியில் மீனுக்கே இரண்டு சொற்கள் மாறி மாறி வருகின்றன. மீனுக்கு வந்த இரண்டு சொல்லையும் வைத்து எவரும் இரண்டு வகை ஊழியம் என்று பிரசங்கித்ததை நான் கேட்டதில்லை. அன்புக்கு வந்த இரண்டை மட்டும் விடுவதில்லை. சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது யோவானின் நடை என்றே எனக்குத் தோன்றுகிறது. மேலும், “அன்பாயிருக்கிறாயா” என்ற கேள்விக்குப் பேதுரு “ஆம் ஆண்டவரே” என்றுதான் பதிலைத் தொடங்குகிறான். கேட்டது ஒன்று, தன்னிடம் இருப்பது அதைவிடக் குறைவு என்பது அவன் எண்ணமானால் அந்த ‘ஆம்’ அங்கே வந்திருக்காது. மூன்றாம் கேள்வியில் இயேசு அவனுடைய சொல்லுக்கு இறங்கி வந்ததால்தான் அவன் துக்கப்பட்டான் என்று வாசிப்பவர்களும் உண்டு. ஆனால் “மூன்றாந்தரம் தன்னைக் கேட்டபடியினாலே” என்று வசனமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

இந்த அதிகாரத்தில் ஒரு கிரேக்கச் சொல்லை வகுப்பில் எடுத்துக்காட்டியே ஆக வேண்டும் என்றால், நான் இப்போது காட்டுவது அன்பைக் குறிக்கும் சொல்லை அல்ல, 9-ஆம் வசனத்தின் கரிநெருப்பை. ஆன்த்ராகியா என்ற அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று இங்கே, கரையில் மீன் வைத்திருக்கும் நெருப்பு. மற்றொன்று யோவான் 18:18-இல், பிரதான ஆசாரியனின் முற்றத்தில், குளிருக்காக மூட்டிய நெருப்பு. அதன் அருகே நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தபோதுதான் பேதுரு ‘நான் அல்ல’ என்றான். மூன்று மறுதலிப்பு, மூன்று கேள்வி, அதே கரிநெருப்பு. இரண்டு வசனங்களையும் வாசிக்கச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். வகுப்பு தானாகக் கண்டுகொள்ளும்.

வேறுபாடு உண்மையாகவே இருக்கும் இடங்கள்

அப்படியானால் சொற்களுக்குள் வேறுபாடே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் எழுதியவர் தாமே இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் இடத்தில் அதைத் தேட வேண்டும். 2 பேதுரு 1:7 “சகோதர சிநேகத்தோடே அன்பையும் கூட்டி” என்கிறது. ஃபிலதெல்ஃபியாவோடு அகாப்பேயைக் கூட்டச் சொல்லும்போது இரண்டும் ஒன்றல்ல என்பது வசனத்திலேயே இருக்கிறது: முதலாவது விசுவாசக் குடும்பத்துக்குள், இரண்டாவது அதன் வேலியைத் தாண்டி. யோவான் 15:13 வேறு விதமாக இரண்டையும் பின்னுகிறது. தன் ஃபிலோய்களுக்காக, அதாவது சிநேகிதருக்காக, ஜீவனைக் கொடுப்பதைவிடப் பெரிய அகாப்பே இல்லை என்கிறது. நட்பு கீழ்ப்படி, அகாப்பே மேல்படி என்று ஏணி போட்டவர்கள் இந்த வசனத்தில் ஏணியை எங்கே சாய்ப்பது என்று தேட வேண்டியிருக்கும்.

ஃபிலோ என்று தொடங்கும் கூட்டுச்சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 2 தீமோத்தேயு 3:2-4 போதும். தற்பிரியர், பணப்பிரியர், சுகபோகப்பிரியர், தேவப்பிரியர் என்று நான்கையும் ‘பிரியர்’ என்ற ஒரே ஈற்றால் பழைய திருப்புதல் கட்டியிருக்கும் விதத்தில் கிரேக்கத்தின் ஓசையே கேட்கிறது.

பொருளை எங்கிருந்து எடுப்பது

நோட்டு நிரம்பிய பிறகு வகுப்புக்கு என்ன சொல்வது? அகாப்பே என்ற சொல்லுக்குள் தன்னலமற்ற அன்பு என்ற பொருள் பிறப்பிலேயே இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் புதிய ஏற்பாடு அந்தப் பொதுவான சொல்லை எடுத்து என்ன செய்தது என்று சொல்லலாம், அதற்கு 1 கொரிந்தியர் 13-ஐவிட நல்ல இடம் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டவுடனேயே கொரிந்தியருக்கு எல்லாம் விளங்கியிருக்குமானால் பவுல் ஒரு முழு அதிகாரம் எழுதியிருக்க வேண்டியதில்லை.

4 முதல் 7 வரையுள்ள வசனங்களை வரிக்கு வரி பக்கத்தில் திறந்து வினைச்சொற்களை மட்டும் எண்ணுங்கள். பதினைந்து வரும். தமிழில் “நீடிய சாந்தமும் தயவுமுள்ளது” என்று குணங்களாக வாசிப்பது கிரேக்கத்தில் இரண்டு வினைகள்: பொறுத்துக்கொள்கிறது, தயவு செய்கிறது. “தீங்கு நினையாது” என்ற இடத்தில் லொகிட்சோமாய் என்ற வினை இருக்கிறது. கணக்கில் எழுதுதல், பேரேட்டில் ஏற்றுதல் என்று வணிகர் வழக்கில் புழங்கிய சொல் அது. ரோமர் 4-இல் ஆபிரகாமுக்கு நீதியாக ‘எண்ணப்பட்டது’ என்று திரும்பத் திரும்ப வருவதும் இதே வினை. தனக்குச் செய்யப்பட்ட தீமையை அன்பு வரவுசெலவுப் புத்தகத்தில் எழுதி வைப்பதில்லை என்று சொன்னால், கடை வைத்திருப்பவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருகிறார்கள். அகாப்பே என்ற ஒரு சொல்லை முப்பது நிமிடம் விளக்கியபோது கிடைக்காத கவனம் அது.

அடுத்த வாரத்துக்கு ஒரு பயிற்சி கொடுக்க விரும்பினால் லூக்கா 7:36-50-ஐக் கொடுங்கள். பரிசேயனாகிய சீமோன் வீட்டு விருந்தில் ஒரு பெண் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்து, தலைமயிரால் துடைத்து, ஓயாமல் முத்தமிட்டுத் தைலம் பூசுகிறாள். 45-ஆம் வசனத்தின் முத்தத்துக்கு ஃபிலேயோவின் குடும்பத்துச் சொற்கள் இரண்டு வருகின்றன: ஃபிலேமா என்ற பெயர்ச்சொல் ஒன்று, கடஃபிலேயோ என்ற வினை ஒன்று. 42-ஆம் வசனத்தில் கடன்காரரைக் குறித்த கேள்விக்கும், 47-ஆம் வசனத்தில் “இவள் மிகவும் அன்புகூர்ந்தாளே” என்ற இடத்துக்கும் அகபாவோ. அகாப்பே என்பது உணர்ச்சி கலவாத, மனவுறுதியால் மட்டும் செய்யப்படும் அன்பு என்று எங்காவது வாசித்திருப்பவர்களை, அந்த விளக்கத்தை ஒரு தாளில் எழுதி இந்தப் பெண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.